மறு: டோக்குவிக்கியில் பிளகினுக்கு என்ன சொல்? செருகி / செருகுநிரல் / துணைநிரல் / நீட்சி

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருளின் திரைகளைத் தமிழாக்கும்போது பிளகினுக்கு, அதாவது மென்பொருளோடு இணைந்து இயங்கும் நிரல்துண்டுக்கு, எந்தச் சொல்லை வைப்பது என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. ஆளுக்கொரு சொல் சொல்லியாயிற்று. சொல்லை மட்டும் தனியாக வைத்துக்கொண்டு பேசினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். டோக்குவிக்கியின் நிர்வாகத் திரையில் வரும் வாக்கியங்களுக்குள் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தேன். அதை வைத்துச் சில கருத்துகள்.

> பிளகின் என்றால் கூடுதல் வசதிதானே? துணைநிரல் என்றால் போதாதா?

போதாது ஐயா. ஆந்திரேயாஸ் கோர் 2004இல் வெளியிட்ட இந்த மென்பொருளுக்குத் தரவுத்தளமே தேவையில்லை. பக்கங்கள் எல்லாம் சாதாரண உரைக் கோப்புகள். பொதியை வழங்கியில் (சர்வர்) விரித்து, நிறுவல் பக்கத்தைத் திறந்து, நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் விக்கி தயார். இன்னும் எதையுமே கூடுதலாகச் சேர்க்காத அந்த நிலையிலேயே 'லிப்' அடைவுக்குள் இருக்கும் 'பிளகின்ஸ்' அடைவைத் திறந்து பாருங்கள். அது காலியாக இருக்காது. கடவுச்சொல்லைச் சரிபார்த்துப் பயனரை உள்ளே விடுவது ஒரு பிளகின் (2013 வெளியீட்டிலிருந்து இப்படி). எந்தப் பக்கத்தை யார் திருத்தலாம் என்று தீர்மானிக்கும் அனுமதித் திரை இன்னொன்று. அமைப்புகளை மாற்றும் திரையும் பிளகின்தான். பிளகின்களை நிறுவவும் நீக்கவும் உதவும் மேலாளர் இருக்கிறாரே, அவரும் அதே அடைவில்தான் குடியிருக்கிறார். வாசற்கதவின் பூட்டைத் 'துணைப்பொருள்' என்று யாரும் சொல்வதில்லை. துணைநிரல், கூடுதல், உபரி எல்லாவற்றையும் இந்த ஒரே காரணத்துக்காக விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

> விக்கிப்பீடியா வட்டாரத்தில் நீட்சி என்று ஏற்கெனவே புழங்குகிறதே. அதையே எடுத்துக்கொள்ளலாமே?

நல்ல சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் எக்ஸ்டென்ஷனுக்கு ஏற்பட்ட சொல். டோக்குவிக்கியில் எக்ஸ்டென்ஷன், பிளகின் என்று இரண்டு சொற்களும் ஒரே திரையில் வருகின்றன, இரண்டுக்கும் பொருள் வேறு. பிளகினும், தளத்தின் தோற்றத்தைத் தரும் டெம்ப்ளேட்டும் சேர்ந்த பொதுப்பெயர் எக்ஸ்டென்ஷன். 'பிளகின் இயக்கப்பட்டது' என்று ஒரு செய்தி வரும். 'இந்த எக்ஸ்டென்ஷனை நிஜமாகவே நீக்கவா?' என்று இன்னொன்று கேட்கும். இரண்டுக்கும் நீட்சி என்றே எழுதினால் பயனர் குழம்பிப்போவார். 2008இல் டிவிக்கி என்ற விக்கி மென்பொருளிலிருந்து பிரிந்த ஃபாஸ்விக்கியிலும் கதை இதுதான்: எக்ஸ்டென்ஷன் என்ற குடையின் கீழ் பிளகின், ஸ்கின் என்று வகைகள். ஆகவே நீட்சியைக் குடைச்சொல்லாக வைத்துக்கொள்வோம். பிளகினுக்கு வேறு சொல் வேண்டும்.

பிளகின் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தாலும் அதற்கு நீட்சி அவ்வளவாகப் பொருந்தவில்லை. நீட்சி என்றால் முடிந்த இடத்திலிருந்து மேலே நீள்வது. டோக்குவிக்கியில் நடப்பது வேறு. சின்டாக்ஸ் வகைப் பிளகின் புதிய குறியீடு ஒன்றை, பக்க உரையில் உள்ள குறியீடுகளைப் பிரித்தறியும் பாகுபடுத்தியிடம் பதிவு செய்யும்போது வரிசை எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தடிப்பெழுத்து, இணைப்பு, பட்டியல் போன்ற உள்ளமைந்த குறியீடுகளுக்கும் அப்படி எண்கள் உண்டு. சிறிய எண்ணுக்கு முன்னுரிமை. அதாவது, இருக்கிற வரிசைக்கு நடுவே புகுந்துகொள்கிறது. ஆக்‌ஷன் வகை இன்னும் துணிச்சல். பக்கத்தைச் சேமிப்பது போன்ற ஒரு நிகழ்வுக்கு முன்போ பின்போ தன்னைக் கொளுவிக்கொண்டு, வேண்டுமானால் இயல்பாக நடக்க வேண்டியதையே தடுத்து நிறுத்திவிடும். இடையில் போய் நுழைவதற்குத் தமிழில் 'செருகு' என்பதைவிடப் பொருத்தமான வினை எனக்குத் தெரியவில்லை. 'சொருகு' என்றும் சிலர் எழுதியிருந்தார்கள். பேச்சில் இருக்கட்டும், எழுத்தில் செருகு.

> செருகி என்றால் செருகுகிற ஆள் அல்லவா? செருகப்படுவதை எப்படி அப்படிச் சொல்வது?

இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கவில்லை. இகர விகுதி வினைமுதலை மட்டும் குறிப்பதில்லை. மண்வெட்டியில் கருவி, ஊருணியில் செயப்படுபொருள். ஊரால் உண்ணப்படுவது ஊருணி என்றால், செருகப்படுவது செருகி ஆகலாம். இலக்கணத்தில் தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. 'செருகி' என்பது வினையெச்சமும்கூட. 'செருகி நீக்கப்பட்டது' என்று திரையில் வந்தால், எதையோ செருகிவிட்டு அப்புறம் நீக்கினார்கள் என்றும் படிக்கலாம். உலாவிக்கும் இதே சிக்கல் உண்டு, பழகிவிட்டதே என்று ஒருவர் எழுதியிருந்தார். உலாவியைப் பற்றி ஒரு திரையில் எப்போதாவது ஒரு வரி வரும். இங்கே நிறுவி, நீக்கி, முடக்கி, இயக்கி என்று வினைகளாகவே நிரம்பிய திரையில் இந்தச் சொல் வரிக்கு வரி வரும். நிர்வாகி அவசரத்தில் இருப்பார்.

ஆகவே என் வாக்கு செருகுநிரலுக்கு. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நீளத்தால் ஒரு லாபமும் இருக்கிறது. திரைச் செய்திகளின் தமிழாக்கம் இருக்கும் மொழிக் கோப்பில் பிளகினின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் இடங்காட்டிக் குறிதான் இருக்கும். அங்கே என்ன பெயர் வந்து உட்காரும் என்று நமக்குத் தெரியாது. ரேப், கேலரி என்ற பிளகின்கள் வந்தால், 'ரேப்பை', 'கேலரியை' என்று வேற்றுமை உருபை அதோடு ஒட்ட முடியாது. பெயருக்குப் பின்னால் செருகுநிரல் நின்றால் உருபை அது தாங்கிக்கொள்ளும்: 'கேலரி செருகுநிரலைப் புதுப்பிக்கவும்', 'ரேப் செருகுநிரலில் பிழை'. எச்சத்தோடு குழப்பமும் இல்லை.

சோதனைக்கு ஒரு நீண்ட செய்தி. பொதியைக் கையால் விரிப்பவர்கள் அடைவின் பெயரோடு, பதிவிறக்கிய பொதியின் பெயரில் ஒட்டிவரும் 'மாஸ்டர்' என்ற வாலையும் அப்படியே விட்டுவிடுவது வழக்கம். அடைவின் பெயரும் உள்ளிருக்கும் நிரல் வகுப்பின் (கிளாஸ்) பெயரும் பொருந்தாவிட்டால் டோக்குவிக்கி முறையிடும். அதைத் தமிழில் இப்படி எழுதினேன்: 'செருகுநிரல் தவறாக நிறுவப்பட்டுள்ளது. அடைவின் பெயரை இதிலிருந்து இதற்கு மாற்றவும்.' இதே இடத்தில் செருகி என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அடுத்து டெம்ப்ளேட். தயவுசெய்து வார்ப்புரு வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுத்துப் பழகியவருக்கு வார்ப்புரு என்றால் பக்கத்துக்குள் அழைக்கும் துண்டு. டோக்குவிக்கியில் டெம்ப்ளேட் என்பது தளத்தின் முகம், மீடியாவிக்கியில் ஸ்கின் எனப்படுவது. போதாக்குறைக்கு டோக்குவிக்கியே அந்தச் சொல்லை இன்னொரு பொருளிலும் ஆள்கிறது: ஒரு பெயர்வெளியில் (பக்கங்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) புதுப் பக்கம் தொடங்கும்போது தானாக வந்து நிரம்பும் உரை. அதற்கு வேண்டுமானால் 'பக்க மாதிரி' என்று வைப்போம். முகத்துக்குத் 'தோற்றம்' போதும். நிறுவிய தோற்றங்கள், தோற்றத்தை மாற்று. கருப்பொருள் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். கட்டுரைப் போட்டி அறிவிப்பு போல இருக்கிறது.

மற்றவை சட்டென்று: இன்ஸ்டால் நிறுவு, அன்இன்ஸ்டால் நீக்கு, டிசேபிள் முடக்கு, எனேபிள் இயக்கு. நீக்கினால் அடைவே போய்விடும், முடக்கினால் கோப்புகள் அப்படியே இருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பண்டில்டு என்பதற்கு 'உடன்வருவது'. புரொடெக்டட் என்பதைப் 'பாதுகாக்கப்பட்டது' என்றால் ஏதோ கடவுச்சொல் போட்ட மாதிரி தோன்றும். நீக்கவோ முடக்கவோ கூடாத அடிப்படைச் செருகுநிரல் என்பதுதான் அங்கே கருத்து, அதனால் 'இன்றியமையாதது' என்று முன்வைக்கிறேன். பிளகின் தன்னைக் கொளுவிக்கொள்ளும் இடமான ஹூக்குக்குக் கொக்கி, அதில் விவாதமே வேண்டாம்.

பாக்கி இருப்பது வகைப் பெயர்கள். சின்டாக்ஸ் வகைக்குத் தொடரியல் செருகுநிரல் என்பது சரியாகப் படவில்லை. தொடரியல் மொழியியலுக்குப் போகட்டும், இங்கே 'குறியீட்டுச் செருகுநிரல்' போதும். ஆக்‌ஷனுக்குச் 'செயல்' என்றால் செயலியோடு மோதுமா? மற்றச் செருகுநிரல்கள் கடன் வாங்கிக்கொள்ளும் செயற்கூறுகளை (ஃபங்ஷன்) வைத்திருக்கும் ஹெல்பர் வகைக்கு 'உதவி' என்றால் உதவிப் பக்கத்தோடு மோதுகிறது. இந்த இரண்டுக்கும் உங்கள் பரிந்துரைகளை அனுப்புங்கள். ஈழத்து நண்பர்களுக்கு வேறு வழக்கு இருந்தால் அவசியம் சொல்லுங்கள். ஆட்சேபம் இல்லாத சொற்களை மட்டும் இப்போதைக்கு மேலாளரின் மொழிக் கோப்பில் ஏற்றுகிறேன்.

நன்றி.