தள்ளிப்போட்ட வேலைக்கு ஆழ்மனத்திலிருந்து தானாக விடை வந்த அனுபவம் உண்டா?

தனிச்சொல்:
ஏரி வற்றியது பற்றி ஒரு நேரிசை வெண்பா. முதலடி 'வண்டல்', இரண்டாமடி 'கண்ட' என்று எதுகை அமைந்துவிட்டது. இரண்டாமடியின் கடைசியில் அதே எதுகையோடு தனித்து நிற்க வேண்டிய தனிச்சொல் மட்டும் வரவில்லை. ஒன்பது நாள் நோட்டைத் திறக்கவே இல்லை. கவியரங்கத்தில் 'அண்டி' என்று போட்டு ஒப்பேற்றினேன். கைதட்டினார்கள், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுநாள் காலை மனைவி அடுப்படியிலிருந்து, "குடம் ரொம்பிருச்சு, ரெண்டு சொம்பு மொண்டு அண்டாவுல ஊத்துங்க" என்றாள். சொம்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். மொண்டு! வற்றின ஏரிக்கு அதைவிட என்ன சொல் வேண்டும்?

கரிக்கோல்:
ஐயா, இது ஆழ்மனம் இல்லை, காதில் விழுந்தது. பிரெஞ்சுக் கணித மேதை பாயின்கரே 1908-இல் எழுதியதைப் பாருங்கள். கூட்டான்ஸ் ஊரில் வண்டிப் படியில் கால் வைத்த நொடியில் அவருக்கு விடை வந்தது. யாரும் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் 15 நாள் தினமும் மேசையில் உட்கார்ந்து முட்டிமோதியிருக்கிறார். ஊர் திரும்பியதும் சரிபார்த்தும் இருக்கிறார். அந்த உழைப்பை விட்டுவிட்டு, தள்ளிப்போட்டால் தானாக வரும் என்று இளைஞர்களிடம் சொல்லாதீர்கள். நானும் ஓர் அட்டைப்படத்தை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஒன்றும் வரவில்லை. கையெழுத்துப் பிரதியை நான் படித்திருக்கவே இல்லை.

மொட்டைமாடி:
எனக்குச் சிறுவர் கதையின் முடிவு ரயில்வே கேட்டில் வந்தது. கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் முழுக் காட்சியும் தெரிந்தது. வீட்டுக்குப் போவதற்குள் பாதி மறந்துவிட்டது.

அதனால் சொல்கிறேன், போனில் உடனே குரல் பதிவு செய்யுங்கள். வாக்கியம் சரியாக இருக்க வேண்டியதில்லை, நாலு சொல் போதும். ராத்திரி எழுதும்போது பத்தியை முடிக்காமல் பாதியில் நிறுத்திவிட்டுப் படுங்கள். காலையில் கை தானாக ஓடும். சிக்கல் என்ன என்று ஒரு வரியில் எழுதிவைத்துவிட்டு எழுந்து போங்கள். போகிற இடத்தில் போனை நோண்டாதீர்கள். பாத்திரம் விளக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது மாதிரி கைக்கு மட்டும் வேலை கொடுங்கள். தனிச்சொல் ஐயாவும் அடுத்த முறை ஒரு வாரம் முன்பே நோட்டைத் திறக்கலாம்.

தனிச்சொல்:
கரிக்கோல், அவள் அந்தச் சொல்லைச் சொல்லாத நாளே கிடையாது. ஒன்பது நாளும் சொன்னாள், ஒன்பது நாளும் நான் மொண்டு ஊற்றினேன். அன்றைக்கு மட்டும் ஏன் காதில் விழுந்தது? அதைத்தான் கேட்கிறேன்.

நோட்டில் திருத்திவிட்டேன். விழா மலரில் 'அண்டி' என்றே அச்சாகிவிட்டது.