கடைசி 40 அத்தியாயம் யார் கை? சொல்லை எண்ணிக் கண்டுபிடிக்கலாமா?

மாயவரத்துப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம், எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். சீனத்துல 'சிவப்பு மாளிகைக் கனவு'ன்னு 120 அத்தியாய நாவல், முதல் 80 சாவ் சுவேசின் எழுதுனது, மிச்சம் வேற ஆளுன்னு ரொம்ப நாளா சண்டை, அதை கம்ப்யூட்டர்ல எண்ணிப் பாக்குறாங்களாமே? நம்ம தேரழுந்தூர் கம்பருக்கும் இதே கதைதான், ஆறு காண்டம் அவர், உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர்ங்குறாங்க. இங்கயும் அப்படிப் பாக்க முடியுமா?

குடந்தை வாசகன்:
தாராளமா பாக்கலாம்மா. ஆனா எதை எண்ணுறோம்ங்கறதுதான் விஷயம். நிலா, கண்ணீர்னு எண்ணுனா கதை மாறுறப்ப அதுவும் மாறிடும். எழுதுறவர் கவனிக்காமலே விழுற குட்டிச் சொல்லுங்கதான் ஆளைக் காட்டும், நம்ம இடைச்சொல் மாதிரி. சீனத்துல சொல்லுக்கு நடுவுல இடைவெளி கிடையாது, அதனால பல பேர் நேரா எழுத்தையே எண்ணுவாங்க. 1921ல சீன அறிஞர் ஹு ஷி, கடைசி 40ஐ எழுதுனது காவ் எ-ங்கறவர்னார். 1952ல ஸ்வீடன்காரர் கார்ல்கிரென் இலக்கணக் கூறுகளை வச்சு மொத்தமும் ஒரே ஆள்னார். பின்னாடி வந்த கம்ப்யூட்டர் ஆய்வுங்க பலதும் 80க்கு அப்புறம் நடை மாறுதுன்னுதான் சொல்லுது. ஆனா நடை மாறுதுன்னா காவ் எ தான்னு ஆயிடாதுங்க, ஒப்பிட அவர் எழுதுன வேற நாவல் எதுவும் இல்லையே! போதாததுக்கு 1791ல அச்சுக்குப் போகும்போது காவ் எ-யும் பதிப்பாளர் செங் வெய்யுவானும் மொத்தத்தையும் திருத்தியிருக்காங்க.

மாயவரத்துப் பொண்ணு:
ரொம்ப நன்றி சார். அப்ப ஒட்டக்கூத்தருக்கு மூவருலா இருக்கே, அதை வச்சு ஒப்பிட்டுடலாம்ல?

திருவையாறு அக்கா:
அவசரப்படாதம்மா. உலா கலிவெண்பா, காண்டம் விருத்தம். அரோ, மாதோ, மன்னோ எல்லாம் சீர் நிரப்பவும் வரும், அதனால நீ எண்ணுறது புலவரையா யாப்பையான்னே தெரியாது, விருத்தத்தை விருத்தத்தோடதான் வைக்கணும், அதுலயும் ஒரே சந்தமா இருந்தா இன்னும் நல்லது. வெள்ளிப் பாடல்களை, அதாவது பின்னாடி மத்தவங்க இடையில சேத்த பாட்டுங்களை, முதல்லயே தனியா எடுத்துடு. எல்லாத்துக்கும் முன்னாடி சுந்தர காண்டத்தை ரெண்டாப் பிரிச்சு புரோகிராமுக்குக் குடு, ரெண்டும் வேற வேற ஆள்னு சொல்லுச்சுன்னா உத்தர காண்டத்துப் பக்கமே போகாத.