கொசு மாதிரியில் பிசிஆர் தடைபடுகிறது, அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். க்யூலெக்ஸ் கொசுக்களில் யானைக்கால் புழுவின் டிஎன்ஏவைப் பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை) தேடுகிறேன். நள்ளிரவில் மக்களை எழுப்பி ரத்தம் எடுக்காமலேயே ஒரு ஊரில் தொற்று மிச்சமிருக்கிறதா என்று காட்டும் முறை இது, அதனால் பாதியில் விட மனசில்லை.

எஸ்எஸ்பி-1 பிரைமர்களில் (புழுவின் டிஎன்ஏவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) 188 பேஸ் ஜோடி நீளமுள்ள பட்டை ஜெல்லில் வரவேண்டும். பாசிடிவ் கன்ட்ரோலில் (புழு டிஎன்ஏ இருப்பது உறுதியான ஒப்பீட்டு மாதிரி) பளிச்சென்று வருகிறது. 20 கொசுக்களைச் சேர்த்து அரைத்த மாதிரியில் அதே கன்ட்ரோல் டிஎன்ஏவைக் கலந்தாலும் வருவதில்லை. பத்து மடங்கு டைலூட் செய்தால் மங்கலாகத் தெரிகிறது. கொசு குடித்த ரத்தத்திலுள்ள ஹீம் என்ற சிவப்பு நிறமிதான் தடுக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் டைலூட் செய்துகொண்டே போனால், ஒரேயொரு புழு இருக்கும் மாதிரி தப்பிவிடுமே!

பிஎஸ்ஏ (தடுக்கும் பொருள்களைப் பிடித்துவைக்கும் மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்தவர்கள் எந்த அளவில் சேர்த்தீர்கள்? கண் நிறமியும் தடுக்கும் என்பதால் தலையை நீக்கச் சொல்கிறார்கள். தொற்றும் நிலை லார்வா அங்கேதானே வந்து சேரும், நீக்கலாமா?