நார்மண்டியை ஒன்றாக்கியது சட்டமா, வாளா?

இளங்கோ:
வடபிரான்சிலுள்ள நார்மண்டி என்றதும் எல்லோரும் அதன் டியூக் வில்லியம் இங்கிலாந்தை வென்ற 1066-க்கு ஓடிவிடுகிறார்கள். 911-இல் வைக்கிங் தலைவர் ரோலோவுக்குக் கிடைத்த நிலம் எப்படி ஒரே நாடானது என்று கேட்பார் இல்லை. நிர்வாகமும் சட்டமும்தான் என்பது என் விடை. வட்டாரந்தோறும் வைகவுண்டுகள் என்ற அதிகாரிகள், நாட்டை ஆண்ட டியூக்கின் பெயரால் வரி திரட்டி நீதி வழங்கினார்கள். டியூக்கின் அனுமதியின்றிக் கோட்டை எழுப்பக்கூடாது என்ற விதியை 1091-இல் பதிவான வழமைகளில், அதாவது வழக்கத்தால் வந்த சட்டங்களில், காணலாம். 12ஆம் நூற்றாண்டில் கான் நகரில் கூடிய, கணக்கும் வழக்கும் பார்த்த எக்ஸ்செக்கர் மன்றம் நாடு முழுவதற்கும் கணக்குக் கேட்டது. 1180, 1195, 1198ஆம் ஆண்டுகளின் கணக்குச் சுருள்கள் இன்றும் இருக்கின்றன.

செல்வராணி:
அந்த வைகவுண்டுகளைப் பற்றி முழுவதையும் சொல்லுங்கள், இளங்கோ. 1047-இல் இளைஞனாக இருந்த டியூக் வில்லியமுக்கு எதிராகக் கலகம் செய்தவர்களில் கோட்டன்டின், பெஸான் வட்டாரங்களின் வைகவுண்டுகளே முன்னின்றார்கள். வல்-எ-டூன் களத்தில் அவர்களை அடக்கியது சட்டமா? பிரெஞ்சு மன்னரின் படைதான் துணைக்கு வந்தது. 1091-இன் கோட்டை விதியும் அப்படித்தான். வில்லியம் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், மூத்த மகன் ராபர்ட்டின் ஆட்சி தளர்ந்திருந்த காலத்தில், தந்தை காலத்து உரிமைகள் எவை என்று விசாரித்து எழுதிவைத்தார்கள். பிடி நழுவியபோது எழுதியதை ஒற்றுமைக்குச் சான்றாக ஏற்க முடியாது.

மதிவாணன்:
சட்டமே எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லையே. சீன் ஆற்றின் வடக்கிலுள்ள கோ வட்டாரத்தில் சொத்தில் பெரும்பகுதி மூத்த மகனுக்குப் போனது; மற்ற இடங்களில் பொதுவாகச் சகோதரர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

இளங்கோ:
மதிவாணன், கோ வட்டாரத்து முறை நார்மண்டி வழமைக்குள் ஒரு விதிவிலக்காக வாழ்ந்தது. தனிச் சட்டமாகப் பிரிந்து போகவில்லை. வைகவுண்டுகள் பற்றிச் சகோதரி சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். நியமனம் பரம்பரைச் சொத்தானால் நிர்வாகம் தானே பகையாகிவிடும். ஆனால் வாள்தான் ஒட்டவைத்தது என்றால், வாள் போன நாளில் எல்லாம் சிதறியிருக்க வேண்டும். 1204 மார்ச்சில் டியூக்கின் காயார் கோட்டை பிரெஞ்சு மன்னர் பிலிப்பிடம் விழுந்தது, ஜூனில் ரூவான் நகரம் பணிந்தது, டியூக்கும் ஆங்கில மன்னருமான ஜான் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் இருந்தார். அதற்குப் பிறகுதான், 13ஆம் நூற்றாண்டின் நடுவில், நார்மண்டியின் பெரிய வழமைத் தொகுப்பு உருவானது. 1315-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் லூயி நார்மானியருக்குத் தனி உரிமைச் சாசனமே கொடுத்தார்.

செல்வராணி:
1204-ஐ நீங்களே எடுத்தது நல்லது. ஒழுங்கான கணக்கும் மன்றமும் இருந்ததால்தான் பிலிப் மன்னரால் அந்த நாட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடிந்தது. மன்றத்தை வைத்துக்கொண்டார், மேலே தன் அதிகாரிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து அமர்த்தினார். நீங்கள் போற்றும் இயந்திரம் யார் கைக்குப் போனாலும் வேலை செய்தது. எனக்கு அது வருத்தம் தரும் செய்தி, பெருமை தருவது அல்ல.

இளங்கோ:
வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் நார்மண்டிக் கரையோரக் கடலிலுள்ள ஜெர்சி, குவெர்ன்சி தீவுகளைப் பாருங்கள். 1204-இல் பிரான்சின் கைக்குப் போகாமல் ஆங்கில மன்னரிடமே நின்றவை. அங்கே நார்மானிய வழமை இன்றும் சட்டத்தின் அடித்தளம். தன் நிலத்தில் ஒருவர் அத்துமீறினால், சாட்சிகள் முன்னே மண்டியிட்டு "ஹாரோ" என்று மூன்று முறை குரல் எழுப்பலாம். நீதிமன்றம் விசாரிக்கும்வரை வேலையை நிறுத்தியே ஆக வேண்டும். அந்தக் குரலுக்குப் பின்னால் எந்த டியூக்கின் படையும் இல்லை.

செல்வராணி:
தீவுகளைப் பற்றிய வாதத்தை ஏற்கிறேன். பெருநிலத்தைப் பற்றியதை ஏற்கவில்லை. 1469-இல் ரூவான் எக்ஸ்செக்கர் மன்றத்திலேயே டியூக் பதவியின் அடையாளமான மோதிரத்தைப் பட்டடைக்கல்லில் வைத்து உடைத்தார்கள். அந்த மன்றம் தடுக்கவில்லை.