ஒரு வருஷக் குத்தகை, மரத்துக்கு 100 மில்லி கல்டார்: தோப்புக்காரருக்கு லாபமா?

பர்கூர்_தோப்பு:

வணக்கம். பர்கூர் பக்கம் மூணு ஏக்கர் மாந்தோப்பு. எல்லாம் பெங்களூரா ரகம், 10 மீட்டர் இடைவெளி, ஏக்கருக்கு 40 மரம். யார் அதிகம் கேட்கிறாங்களோ அவங்களுக்கு ஒரு வருஷக் குத்தகை, அடுத்த வருஷம் திரும்ப ஏலம், இதுதான் வழக்கம். இந்த முறை ஒருத்தர் மத்தவங்களைவிட நல்ல தொகை தர்றேங்கிறார். ஒரே நிபந்தனை: ஆடியிலேயே மரத்துக்கு 100 மில்லி கல்டார், அதாவது பூ எடுக்க வைக்கிற மருந்து, ஊற்ற விடணும். சீக்கிரம் பூ எடுத்து மார்ச்சுக்குள்ள காயை மண்டிக்குக் கொண்டுபோற திட்டம். மருந்தும் கூலியும் அவர் செலவு. எனக்கு இதில நஷ்டம் வர வழி இருக்கா?

மாமரத்தடி:

இருக்குங்க. முதல்ல அளவைப் பாருங்க. கல்டார்ல இருக்கிறது பாக்குளோபூட்ரசால், லிட்டருக்கு 250 கிராம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை மரத்துக்கு 10 கிராம் வீரியப்பொருள், அதாவது 40 மில்லி, செப்டம்பர் முதல் பதினைந்து நாளுக்குள்ள. குடை, அதாவது கிளை விரிஞ்சிருக்கிற பரப்போட அளவை வெச்சுப் போடுறவங்க ஒரு மீட்டர் விட்டத்துக்கு 3.2 மில்லி கணக்கு வெப்பாங்க. கிழக்கு மேற்கா ஒரு தடவை, வடக்கு தெற்கா ஒரு தடவை அளந்து சராசரி எடுக்கணும். 8 மீட்டர் குடைக்கு 26 மில்லிதான் வரும். அவர் கேட்கிற 100 மில்லி, பரிந்துரையோட இரண்டரை மடங்கு.

இந்த மருந்து மரத்துக்குள்ள துளிரை நீட்டுற ஜிப்ரெலின்ங்கிற ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்குது. துளிர் நீளாம நிக்கும், சத்து பூப்பக்கம் திரும்பும். அளவு மீறினா கணு இடைவெளி குறுகி, இலையெல்லாம் நுனியில கொத்தா நிக்கும். பூங்கொத்தும் நீளாம உருண்டையா, நெருக்கமா வரும். அந்த நெருக்கத்துக்குள்ள ஈரம் காயாது, தெளிக்கிற மருந்து உள்ளே போகாது. தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது. பூ அள்ளி வெச்ச மாதிரி தெரியும், பிஞ்சு நிக்காது.

நீங்க கவனிக்க வேண்டியது அடுத்த வருஷம். மருந்து மண்ணில சீக்கிரம் சிதையாது, ஒரு வருஷம் தாண்டியும் வேலை செய்யும். அதனாலதான் முதல் வருஷம் முழு அளவு போட்டா அடுத்த வருஷம் பாதியாக் குறைக்கணும்னு சொல்றது. உங்க ஏற்பாட்டில வருஷத்துக்கு ஒரு ஆள். முன்னாடி ஆள் எவ்வளவு ஊற்றினான்னு அடுத்தவருக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் குறைக்க மாட்டார், ஏன்னா ஏலத்தில கூடக் கொடுத்த பணத்தை ஒரே வருஷத்தில எடுக்கணும். நீங்க கூட்டுற விலையே மருந்தைக் கூட்டுது. மூணாவது நாலாவது வருஷம் துளிர் விடாத மரத்தைப் பார்த்து ஏலம் கேட்க வர்றவங்க விலையைக் குறைப்பாங்க. மரம் அவங்களுது இல்ல, உங்களுது.

போச்சம்பள்ளி_மண்டி:

மருந்தே கூடாதுன்னு சிலர் சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு வருஷம் காய்ச்சு மறு வருஷம் ஏமாத்துற அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவாவுக்கு சரியான அளவில நல்ல பலன் உண்டு. ஆனா பெங்களூரா வருஷா வருஷம் காய்க்கிற ரகம். அதுக்கு எதுக்கு இரண்டரை மடங்கு?

குத்தகைக்காரரோட கணக்கும் தப்பு. கல்டார் ஊற்றி 90 முதல் 120 நாள்ல பூ வரும். ஆடியில ஊற்றினா ஐப்பசி, கார்த்திகையில பூ. வடகிழக்குப் பருவமழை நேரம். மழையில மகரந்தம் கழுவிப்போகும், ஆந்த்ராக்னோஸ்ங்கிற பூஞ்சை நோய் வந்து கொத்து கருகும். பூச்சிமருந்துச் செலவு வேற ஏறும். செப்டம்பர்னு பரிந்துரை சொல்றது பூ மார்கழி, தைக்குத் தள்ளிப்போகத்தான்.

அப்படியே தப்பிச்சுக் காய் மார்ச்சுல வந்தாலும் யார் வாங்குவாங்க? பெங்களூராவுக்குப் பெரிய வாங்கல் மாங்கூழ் ஆலைங்கதான், அவங்க அரவை சீசன்லதான் ஓடும். முன்கூட்டி வர்ற பெங்களூரா ஊறுகாய்க்கும் பச்சைக் காய்க்கும்தான் போகும். செந்தூரா ரகத்துக்குப் பலிக்கிற யோசனையை பெங்களூராவுக்குப் போடுறார். காசு நெருக்கினதும் முத்தாத காயை அறுத்து கார்பைடு கல்லு வெக்கத் தோணும். அது 2011 உணவுப் பாதுகாப்பு விதிப்படி தடை. தோல் மஞ்சளாகும், சதை புளிக்கும். பறிமுதல் ஆனா சரக்கும் போச்சு, தொகையும் போச்சு. அப்போ உங்களுக்குத் தர வேண்டிய கடைசித் தவணை என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

பர்கூர்_தோப்பு:

ரெண்டு பேருக்கும் நன்றிங்க. போன குத்தகைக்காரர் என்ன ஊற்றினார்னே எனக்குத் தெரியாது. மண்ணில மருந்து மீதி இருக்கான்னு வீட்டிலேயே பார்க்க முடியுமா? இருந்தா என்ன செய்யலாம்?

மாமரத்தடி:

முடியும். அடிமரத்துக்கும் குடை ஓரத்துக்கும் நடுவில, 15 செ.மீ. ஆழம் வரைக்கும் நாலு பக்கமும் மண் எடுத்துக் கலந்துக்கோங்க. அதே மண் வகையில, மாமரம் இல்லாத வரப்போரம் இன்னொரு பங்கு. ஒரே அளவு தொட்டி ரெண்டு, ரெண்டிலும் பத்துப் பத்துக் கொள்ளு விதை, ஒரே வெயில், ஒரே தண்ணி. ரெண்டு வாரம் கழிச்சு உயரம் பாருங்க. மரத்தடி மண்ல நாத்து கண்ணுக்குத் தெரியுற அளவு குட்டையா, இலை கரும்பச்சையா இருந்தா மருந்து மிச்சம் இருக்கு. எவ்வளவு மிச்சம்னு இதில தெரியாது, இருக்கா இல்லையான்னு தெரியும். ஒரு மரத்தை மட்டும் பார்க்காம ஏக்கருக்கு அஞ்சு மரமாவது பாருங்க, ஊற்றுற ஆள் எல்லா மரத்துக்கும் ஒரே மாதிரி ஊற்றியிருக்க மாட்டார்.

இருக்குன்னு தெரிஞ்சா இந்த வருஷம் கல்டாருக்கு விடுமுறை. அறுவடை முடிஞ்சதும் காய்ந்த குச்சி, உள்ளே நெருக்கமா இருக்கிற கிளை எல்லாம் வெட்டி வெளிச்சம் விடுங்க. சத்து கட்டாயம்: மரத்துக்கு தொழு உரம் 50 கிலோ, தழைச்சத்து 1 கிலோ, மணிச்சத்து 1 கிலோ, சாம்பல்சத்து 1.5 கிலோ. உரமாச் சொன்னா யூரியா 2.2, சூப்பர் பாஸ்பேட் 6.25, பொட்டாஷ் 2.5 கிலோ. ஒரு வருஷக் குத்தகைக்காரர் இதைப் போடவே மாட்டார், அடுத்தவன் அறுவடைக்கு எதுக்குப் போடணும்னு நினைப்பார்.

ஜிப்ரெலிக் அமிலம் அடிச்சா கல்டார் முறியும்னு யாராவது சொல்வாங்க. துளிரை நீட்டும், உண்மைதான். ஆனா பூ முடிவாகிற நேரத்தில அடிச்சா பூவையே தடுக்கும். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில கேட்காம அதைத் தொடாதீங்க.

பிப்ரவரி வந்தும் பூ இல்லன்னா பொட்டாசியம் நைட்ரேட் லிட்டருக்கு 10 கிராம் தெளிக்கலாம். முத்தின இலையில மட்டும். இளந்துளிர்ல தெளிச்சா பூவுக்குப் பதிலா இன்னொரு துளிர்தான் வரும்.

ஊத்தங்கரை_உழவு:

குத்தகைப் பத்திரத்தை யாரும் பேசலையே. ஒரு வருஷத்தை விட்டுட்டு மூணு வருஷமாக் கொடுங்க. மூணாவது அறுவடையும் தன்னோடதுன்னா மரத்தைக் கொல்ல மாட்டார். நிலத்தோடு சேர்த்து ஒரு வருஷத்துக்கு மேல விட்டா பதிவு செய்யணும், அந்தச் செலவைப் பார்க்காதீங்க.

பத்திரத்தில "அளவோடு" அப்படின்னு எழுதாதீங்க, எண்ணா எழுதுங்க. முதல் வருஷம் மரத்துக்கு 40 மில்லிக்கு மேல கூடாது, இரண்டாம் வருஷம் 20, மூணாம் வருஷம் கிடையாது. மண்ல மிச்சம் இருந்தா முதல் வருஷமும் கிடையாது. 40 மரத்துக்கு 40 மில்லின்னா ஏக்கருக்கு 1.6 லிட்டர், உங்க மூணு ஏக்கருக்கு 4.8 லிட்டர். அதுக்கு மேல ஒரு பாட்டில் தோப்புக்குள்ள வந்தாலே சந்தேகம்தான். பில்லை வாங்கி வெச்சுக்கோங்க.

ஊற்றுற அன்னைக்கு நீங்க கூட நில்லுங்க. முதல் நாள் தண்ணி பாய்ச்சி மண் ஈரமா இருக்கணும். காய்ந்த மண்ல ஊற்றினா மருந்து வேருக்குப் போகாம அங்கேயே தங்கும், பலன் தெரியலையேன்னு திரும்ப ஊற்றுவாங்க, அப்புறம் மழை வந்ததும் ரெண்டும் சேர்ந்து இறங்கும். களை எடுத்து, அடிமரத்துக்கும் குடை ஓரத்துக்கும் நடுவில 15 செ.மீ. ஆழத்துக்கு வட்டமா கால்வாய் வெட்டி, மருந்தை 10 லிட்டர் தண்ணில கலந்து சுத்தி ஒரே சீரா ஊற்றி மண்ணை மூடணும். காலி பாட்டிலை எண்ணி வாங்கிக்கிட்டு அப்புறம் கூலிக்காரங்களை அனுப்புங்க.