2013 சயன் எப்.ஆர்.எஸ் கூபே: பாவித்ததை வாங்கலாமா? எஞ்சின் சத்தம், மீள் அழைப்பு குறித்து உதவி தேவை

கேள்வி (ஸ்காபரோ வாசி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இருபத்தாறு வயது. ஸ்காபரோவில் பெற்றோருடன் இருக்கிறேன், மார்க்கத்தில் வேலை செய்கிறேன். முழுமையான ஜி சாரதி அனுமதிப்பத்திரம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை அப்பாவின் பழைய கரோலாவையே ஓட்டினேன். பின்சில்லுகளால் இயங்கும், கையால் கியர் மாற்றும், பாரம் குறைந்த ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் கூபே வாங்க வேண்டும் என்பது பாடசாலைக் காலம் முதல் எனக்கிருந்த ஆசை. வரி, குளிர்கால டயர் எல்லாவற்றையும் உள்ளடக்கி என்னிடம் 19,000 டொலர் சேமிப்பு இருக்கிறது. கடன் எடுக்க விருப்பமில்லை.

ஒஷாவாவில் ஒருவர் 2013 சயன் எப்.ஆர்.எஸ் (ரொயோட்டா தன் சயன் பெயரில் விற்ற கூபே) ஒன்றை 13,500 டொலருக்கு விற்கிறார். 121,000 கிலோமீற்றர் ஓடிய கார். அவர் மூன்றாவது உரிமையாளர். சென்ற சனிக்கிழமை காலை எஞ்சின் முழுமையாகக் குளிர்ந்திருந்த நேரத்தில் சென்று பார்த்தேன். பின்வரும் விடயங்கள் என்னைக் குழப்புகின்றன.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் முன்பக்கத்திலிருந்து சில்வண்டு கத்துவது போன்ற ஒரு சத்தம் விடாமல் வந்தது. கியரை நியூட்ரலில் வைத்துக் கிளட்சிலிருந்து காலை எடுத்தால் குருவி கீச்சிடுவது போல வேறொரு சத்தம் கேட்கிறது, ஆனால் மிதியில் காலை இலேசாக வைத்தவுடன் அது நின்றுவிடுகிறது. பின்விளக்கு ஒன்றினுள் நீராவி படிந்திருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்த ஆண்டுக் கார்களுக்கு எஞ்சின் தொடர்பான மீள் அழைப்பு (குறையைத் திருத்த உற்பத்தியாளர் கார்களைத் திரும்ப அழைப்பது) ஒன்று இருந்ததாக வாசித்தேன். அது செய்யப்பட்டுவிட்டதென்று உரிமையாளர் சொல்கிறார், ஆனால் அதற்கான பற்றுச்சீட்டு எதுவும் அவரிடம் இல்லை.

இந்தச் சத்தங்கள் ஆபத்தானவையா? மீள் அழைப்பு வேலை உண்மையில் செய்யப்பட்டதா என்பதை எப்படி உறுதிப்படுத்துவது? அல்லது இதே காரின் புதிய தலைமுறையான ஜி.ஆர் 86 வாங்கும் வரை காத்திருப்பதுதான் புத்தியா? அதற்கு வரியுடன் எனக்குச் சொல்லப்பட்ட தொகை நாற்பதாயிரம் டொலரைத் தாண்டுகிறது.

மறுமொழி (மிசிசாகா, எப்.ஆர்.எஸ் உரிமையாளர்)

வணக்கம் தம்பி. நானும் 2013 எப்.ஆர்.எஸ் ஒன்றைத்தான் ஒன்பது ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். இந்தக் காரின் மேல் எனக்கு மிகுந்த பற்று உண்டு. ஆகவே அது உங்களுக்கு நல்லபடியாகக் கிடைக்க வேண்டும் என்ற விருப்பத்துடன், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சில்வண்டுச் சத்தம். இந்த எஞ்சின் சுபாருவின் 2.0 லீற்றர் பொக்சர், அதாவது உருளைகள் இரு பக்கமும் படுத்திருக்கும் வகை. ரொயோட்டாவின் எரிபொருள் உட்செலுத்தும் முறை அதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு உருளைக்கும் உள்ளே நேராகவும் காற்றுக்குழாயிலும் என இரண்டு இடங்களில் பெற்றோல் தெளிக்கப்படுவதால், இதற்கு உயர் அழுத்தப் பம்பு ஒன்று தேவைப்படுகிறது. நீங்கள் கேட்டது பெரும்பாலும் அந்தப் பம்பின் சத்தமே. தொடக்க ஆண்டுக் கார்களில் இது பரவலாக அறியப்பட்ட விடயம், இதனால் எஞ்சினுக்குத் தீங்கில்லை. ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, கனமாகவும் மந்தமாகவும், வேகத்தைக் கூட்டக் கூட்டத் தானும் கூடிக்கொண்டு போகும் ஒரு தட்டல் கேட்டால் அது முற்றிலும் வேறு கதை. அதற்குக் காரணம் பேரிங் தேய்வாக இருக்கலாம். அப்படிப்பட்ட காரை விலை பேசாமலே விட்டுவிட்டு வாருங்கள். எனவே அடுத்த முறை போகும்போது குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போது முன்மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள்.

குருவிச் சத்தம் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கிலிருந்து வருவது. மிதியில் கால் பட்டவுடன் நின்றுவிடுகிறது என்று நீங்கள் எழுதியதே அதற்கான அடையாளம். உடனடி ஆபத்து இல்லை. ஆனால் அதை மாற்றுவதற்குக் கியர்பெட்டியைக் கழற்ற வேண்டும் என்பதால், அதோடு கிளட்ச் முழுவதையும் மாற்றுவதுதான் சிக்கனம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்பது நியாயமே. விளக்கினுள் நீராவி படிவதும் இக்கார்களில் அடிக்கடி காணப்படுவதுதான், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

இனி மீள் அழைப்பு. 2013 மாதிரி ஆண்டு எப்.ஆர்.எஸ், அதன் சுபாரு இரட்டையான பி.ஆர்.இசட் ஆகியவற்றின் வால்வு ஸ்பிரிங்குகள் முறியக்கூடும் என்பதால் 2018 நவம்பரில் அது அறிவிக்கப்பட்டது. ஸ்பிரிங் முறிந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுபோகலாம். மாற்றும் வேலை இலவசம், ஆனால் எளிதானதல்ல. பொக்சர் எஞ்சினில் உருளைத் தலைகள் இரு பக்கமும் படுத்த நிலையில் இருப்பதால், ஸ்பிரிங்குகளை அடைய எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது மூடிகளுக்கிடையில் பசை போன்ற சீலண்ட் பூசப்படுகிறது. அதை அளவுக்கு மீறிப் பூசினால் பிதுங்கும் பகுதி உள்ளே உதிர்ந்து, ஒயில் உறிஞ்சும் குழாயின் வடிகட்டியை அடைத்துவிடும். ஒயில் கிடைக்காத பேரிங் நெடுநேரம் தாங்காது. வேலை முடிந்த சிறிது காலத்துக்குள்ளேயே எஞ்சின் பழுதானதாக அமெரிக்காவிலும் இங்கும் பல உரிமையாளர்கள் முறையிட்டதற்குக் காரணம் இதுவே. என் காருக்கு அந்த வேலை கவனமாகச் செய்யப்பட்டது, அதன் பிறகு 70,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடியும் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே "செய்யப்பட்டதா" என்ற கேள்வியுடன் "எப்போது, எத்தனை கிலோமீற்றரில் செய்யப்பட்டது" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். செய்த பிறகு பல்லாயிரம் கிலோமீற்றர் ஓடியிருந்தால் நிம்மதியாக வாங்கலாம். காரின் பதினேழு எழுத்து அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு எந்த ரொயோட்டா விற்பனை நிலையத்தின் திருத்தப் பிரிவிலும் கேளுங்கள். கனடாவில் சயன் கார்களை விற்றவர்கள் அவர்கள்தான், பதிவுகளும் அவர்களிடமே உள்ளன. உரிமையாளரின் வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

மறுமொழி (பிரம்ரன், காப்புறுதித் துறையில் பணிபுரிபவர்)

தம்பி, எஞ்சின் பற்றி மேலே அண்ணா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது. நான் பத்திரங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் நல்ல காரை வாங்கி, பத்திரத்தில் சிக்கிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் வாகனத்தை விற்கும்போது, பாவித்த வாகனத் தகவல் தொகுப்பை வாங்குபவரிடம் கொடுக்க வேண்டியது அவருடைய சட்டப்படியான கடமை. அதன் விலை 20 டொலர். இம்மாகாணத்தில் அக்காரை யார் யார் பதிந்து வைத்திருந்தார்கள், அதன்மேல் ஏதும் கடன் பிணை நிற்கிறதா என்பவை அதில் இருக்கும். பிணை தீர்க்கப்படாத காரை வாங்கினால், கடன் கொடுத்தவர் உங்களிடமிருந்தே காரை எடுத்துச் செல்லலாம். விபத்து வரலாறு அதில் முழுமையாக இருக்காது, அதற்கு வேறாக வரலாற்று அறிக்கை ஒன்று எடுக்க வேண்டும். வரி 13 விழுக்காடு. அதை நீங்கள் கொடுத்த விலைக்கும் அரசு ஏற்கும் மொத்த வியாபார விலைப் பட்டியலில் உள்ள தொகைக்கும் இடையில் எது கூடுதலோ அதன்மீது கணக்கிடுவார்கள். எனவே விற்பவர் "விலையைக் குறைத்து எழுதலாம்" என்று சொன்னால் அதற்கு உடன்பட வேண்டாம். அது சட்டவிரோதம், இலாபமும் இல்லை.

பாதுகாப்புத் தரச் சான்றிதழ் 36 நாட்களுக்குத்தான் செல்லும். பரிசோதித்த நாளில் பிரேக், சில்லு, விளக்கு போன்றவை குறைந்தபட்சத் தரத்தில் இருந்தன என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்யாது. எஞ்சின் நலமாக இருக்கிறது என்பதற்கான சான்றாக அதைக் கருத வேண்டாம்.

காரைப் பேசி முடிப்பதற்கு முன்பே, அடையாள எண்ணையும் உங்கள் அஞ்சல் குறியீட்டையும் கொடுத்துக் குறைந்தது மூன்று இடங்களில் காப்புறுதிக் கட்டணத்தைக் கேளுங்கள். ரொறன்ரோ பெரும்பாகத்தில் ஒரே காருக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிய வேறுபாடு இருக்கிறது. முன்னைய உரிமையாளர்கள் சைலென்சரையோ சஸ்பென்ஷனையோ மாற்றியிருந்தால் அதையும் காப்புறுதி நிறுவனத்திடம் சொல்ல வேண்டும், மறைத்தால் இழப்பீடு கோரும் நாளில் அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். குளிர்கால டயர் பூட்டினால் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தர வேண்டும். அதையும் கேட்டுப் பெறுங்கள்.

மறுமொழி (ஒட்டாவா)

பின்சில்லுக் காரைப் பனியில் ஓட்ட முடியாது என்று வீட்டார் அச்சுறுத்துவார்கள். நான்கு சில்லுகளிலும் நல்ல குளிர்கால டயர் இருந்தால் ஒட்டாவாவிலேயே ஓட்டலாம், நான் ஆறு பனிக்காலங்கள் ஓட்டியிருக்கிறேன். நிலத்திலிருந்து உடல் மிகவும் தாழ்வாக இருப்பதால் ஆழமான பனி விழுந்த காலையில் மட்டும் வீட்டில் நில்லுங்கள். 16 அங்குலச் சில்லுகளில் 205/55 அளவு டயர் பூட்டினால் செலவு குறையும். கோடைக்கால டயரை வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகும் முன்னரே மாற்றிவிட வேண்டும். வாங்குவதற்கு முன் காரை உயர்த்தி, அடியில் கறள் எவ்வளவு என்பதையும் பிரேக் குழாய்களையும் பாருங்கள். வீதியில் கொட்டும் உப்பு இங்கே எஞ்சினை விடக் காரின் அடிப்பகுதியையே முதலில் தின்கிறது.

மறுமொழி (மார்க்கம், ஹொண்டா பக்கம் நிற்பவர்)

இங்கே ஒரு மாற்றுக் கருத்தையும் பதிய விரும்புகிறேன். உங்கள் சேமிப்புக்கு 2012 முதல் 2015 வரையான சிவிக் எஸ்.ஐ கூபே ஏன் பொருந்தாது? 2.4 லீற்றர், டர்போ இல்லாத எஞ்சின், கையால் மாற்றும் ஆறு கியர், பின்னிருக்கையில் வளர்ந்த மனிதர் உட்காரக்கூடிய இடம். அன்றாடம் வேலைக்குப் போகும் ஒருவருக்கு எப்.ஆர்.எஸ்-இன் பின்னிருக்கை பையை வைப்பதற்கு மட்டுமே பயன்படும், அம்மாவையும் அப்பாவையும் ஒன்றாக எங்கும் அழைத்துச் செல்ல முடியாது. 2017 முதல் 2020 வரை வந்த 1.5 லீற்றர் டர்போ எஸ்.ஐ கூபேயைப் பார்ப்பதானால், குளிரில் குறுந்தூரம் மட்டுமே ஓடிய கார்களைத் தவிருங்கள். அந்த எஞ்சினில் பெற்றோல் ஒயிலுடன் கலக்கும் பிரச்சினை குளிர்ப் பிரதேசங்களில் பேசப்பட்ட ஒன்று.

கேட்டவர் மீண்டும் (ஸ்காபரோ வாசி)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சிவிக் எஸ்.ஐ ஒன்றை நேற்று ஓட்டிப் பார்த்தேன். எஞ்சின் அருமையானது, ஆனால் முன்சில்லுகள் இழுக்கும் காரையே இத்தனை ஆண்டுகள் ஓட்டிய எனக்கு, இந்தப் பணத்தைக் கொடுத்து மீண்டும் அதையே வாங்க மனம் வரவில்லை.

ஒஷாவா காரின் அடையாள எண்ணைக் கொடுத்துத் திருத்தப் பிரிவில் கேட்டேன். வால்வு ஸ்பிரிங் மீள் அழைப்பு இன்னும் செய்யப்படாமலே நிற்கிறது என்று கணினியைப் பார்த்துச் சொன்னார்கள். உரிமையாளரிடம் சொன்னபோது அவர் உண்மையிலேயே அதிர்ச்சியடைந்தார். தனக்கு விற்றவர் சொன்னதைத்தான் தானும் சொன்னதாக விளக்கினார், நான் அதை நம்புகிறேன். இப்போது 12,000 டொலருக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிய பிறகு நானே இலவசமாகச் செய்வித்துக்கொள்ளலாமா, அல்லது 121,000 கிலோமீற்றர் முறியாமல் ஓடிய ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிடலாமா?

மறுமொழி (மிசிசாகா, எப்.ஆர்.எஸ் உரிமையாளர்)

தொடாமல் விடுவதே நல்லது என்று சொல்பவர்கள் உண்டு, அவர்களுடைய அச்சத்துக்கும் காரணம் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலை 401-இல் நடுத்தடத்தில் பாரவண்டிகளுக்கிடையே எஞ்சின் நின்றுபோகக்கூடும் என்று உற்பத்தியாளரே எழுத்தில் அறிவித்த ஒரு குறையை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள் என்று ஒரு தம்பிக்கு என்னால் சொல்ல முடியாது. வேலையைச் செய்வித்தே ஆக வேண்டும். அது எப்படி முடியும் என்பதன் சுமை யார் தலையில் விழ வேண்டும் என்பதுதான் கேள்வி. விற்பவர் செய்வித்து, இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓட்டி, அதன்பின் ஒயில் தட்டைக் கழற்றி வடிகட்டியைப் பார்க்கச் சம்மதித்தால் 13,500 கூட அநியாய விலையல்ல. சம்மதிக்காவிட்டால் 12,000-க்கும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக 2015 அல்லது 2016 எப்.ஆர்.எஸ் தேடுங்கள். இந்த மீள் அழைப்பு அவற்றைத் தொடவில்லை. 2017-இலிருந்து பெயர் ரொயோட்டா 86 ஆனது, கைக் கியர்க் காரின் வலுவும் 200-இலிருந்து 205 குதிரைவலுவாகக் கூடியது, ஆனால் உங்கள் சேமிப்பில் நல்லது கிடைப்பது கடினம். புதிய ஜி.ஆர் 86-இன் 2.4 லீற்றர் எஞ்சின் 228 குதிரைவலுவுடன், 3,700 சுழற்சியிலேயே உச்ச முறுக்குவிசையைத் தருகிறது. பழைய எஞ்சின் நடுவேகத்தில் ஒரு கணம் சோர்ந்து பிறகு எழும், அந்தச் சோர்வு புதியதில் இல்லை. அது மிகச் சிறந்த கார்தான். ஆனால் கடன் வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்திருக்கும்போது, அந்த முடிவை மாற்றும் அளவுக்கு இரண்டுக்கும் இடையில் மகிழ்ச்சியில் வேறுபாடு இல்லை.

கேட்டவர் மீண்டும் (ஸ்காபரோ வாசி), ஐந்து வாரங்களின் பின்

ஒஷாவா உரிமையாளருக்குக் காத்திருக்க நேரமில்லை, நட்புடனேயே விலகிக்கொண்டேன். எஜாக்ஸில் 2015 எப்.ஆர்.எஸ் ஒன்று 97,000 கிலோமீற்றருடன் கிடைத்தது. இரண்டாவது உரிமையாளர், ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்திருந்தார். கடன் பிணை இல்லை. கராஜில் உயர்த்திப் பார்த்தபோது பின் சஸ்பென்ஷன் கைகளில் மேலோட்டமான கறள் மட்டுமே இருந்தது, ஆண்டுதோறும் எண்ணெய் தெளித்து வந்திருக்கிறார்கள். 14,800 டொலருக்குப் பேசி, வரியுடன் 16,724 கொடுத்தேன். மூன்று இடங்களில் காப்புறுதி கேட்டதில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையே ஆண்டுக்கு ஆயிரத்து நூறு டொலர் வேறுபாடு இருந்தது. காப்புறுதி பற்றி எழுதிய பிரம்ரன் அக்காவுக்குத் தனியாக நன்றி. 16 அங்குலச் சில்லுகளில் குளிர்கால டயர்களும் வாங்கிவிட்டேன். முதல் நாள் அம்மாவை முன்னிருக்கையில் இருத்திக் கோயிலுக்குப் போய் வந்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. தீப்பொறிச் செருகிகள் மாற்றியதற்கான பற்றுச்சீட்டை அந்தக் கோப்பில் காணவில்லை.

மறுமொழி (மிசிசாகா, எப்.ஆர்.எஸ் உரிமையாளர்)

மிக்க மகிழ்ச்சி தம்பி. தீப்பொறிச் செருகிகளை ஏறத்தாழ 96,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், ஆகவே உங்கள் காருக்கு இப்போதே காலம் வந்துவிட்டது. பொக்சர் எஞ்சினில் அவை இரு பக்கமும் சட்டத்தை ஒட்டி இருப்பதால் கை நுழைவதே கடினம். இந்த எஞ்சினில் முன்பு வேலை செய்த ஒருவரிடமே கொடுங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கழற்றச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை நேரமிருந்தால் என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், பொருத்தமான நீட்டுக் குழாய்ச் சாவிகள் என்னிடம் இருக்கின்றன. செருகிகளை மட்டும் நீங்கள் வாங்கி வாருங்கள், நான்கு தேவை.