கைகாட்டி விளக்கில் 'எஸ்.ஆர்.' இருந்தால் அது வெள்ளைக்காரன் காலமா?

பொன்மலைப் பேரன்:
நேற்று விளக்குப் பித்தன் ஒரு படம் போட்டார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் 4,500 ரூபாய்க்கு வாங்கிய ரயில்வே கைகாட்டி (சிக்னல்) விளக்காம். தகர உடம்பு, முன்னால் குவிந்த கண்ணாடி, பின்னால் 'எஸ்.ஆர்.' என்று பொறிப்பு. கீழே "1920-களின் வெள்ளைக்காரன் காலத்துப் பொக்கிஷம்" என்று எழுதியிருக்கிறார். எல்லாரும் 'அருமை, அருமை' என்கிறீர்கள். எஸ்.ஆர். என்றால் சதர்ன் ரயில்வே. அது பிறந்ததே 14 ஏப்ரல் 1951-இல். அதற்கு முன்னால் இந்தப் பக்கம் ஓடியது சவுத் இந்தியன் ரயில்வே, அதாவது எஸ்.ஐ.ஆர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டி நாலு வருஷம் கழித்து வந்த எழுத்து ஐயா அது.

விளக்குப் பித்தன்:
பாராட்ட மனசு வராவிட்டால் பேசாமல் போகலாம். இங்கிலாந்திலும் ஒரு சதர்ன் ரயில்வே இருந்தது, 1923 முதல் 1947 முடிய. அங்கிருந்து வந்திருக்கலாமே?

பொன்மலைப் பேரன்:
செட்டிநாட்டுக்குப் பர்மா தேக்கு வந்தது, பெல்ஜியம் கண்ணாடி வந்தது. காசு கொடுத்து வரவழைத்தார்கள். ஊரான் ஸ்டேஷன் கைகாட்டி விளக்கை யார் கப்பலில் ஏற்றி வரவழைப்பார்கள்? எஸ்.ஆர்., 1951. அவ்வளவுதான்.

விளக்குப் பித்தன்:
'எஸ்'-க்கும் 'ஆர்'-க்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி இருக்கிறது. அங்கே 'ஐ' இருந்து தேய்ந்திருக்கும். அப்படியானால் எஸ்.ஐ.ஆர். தானே?

பொன்மலைப் பேரன்:
காலையில் இங்கிலாந்து, மத்தியானம் நம்மூர் எஸ்.ஐ.ஆரா? சரி, இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தேய்த்தது யார்? கம்பி பிரஷ் போட்டுத் தகரம் பளபளக்கிற வரை சுரண்டியிருக்கிறீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய கறுப்புப் பெயிண்ட்தான் அந்த விளக்கின் ஜாதகம். ஓரத்தில் கொஞ்சம் மட்டும் பொறுமையாக உரித்துப் பார்த்திருந்தால் அடியில் என்ன இருந்தது என்று தெரிந்திருக்கும். கையிலிருந்த சாட்சியை நீங்களே சுரண்டிக் கொட்டிவிட்டு இப்போது 'ஐ' தேடுகிறீர்கள்.

பழைய இரும்பு:
துருவோடு கொடுத்தால் எந்த வீட்டில் வாசலில் மாட்ட விடுகிறார்கள்? பேசுவது சுலபம். கடை வைத்துப் பாருங்கள்.

பொன்மலைப் பேரன்:
வந்துவிட்டார். உங்களிடம் வாங்கிய 'அசல் ஜெர்மன்' பெட்ரோமாக்ஸ் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. பம்ப் அடித்தால் காற்று நிற்காது.

பழைய இரும்பு:
மூன்று வருஷமாக இதையே சொல்கிறீர்கள். வாஷரை எண்ணெயில் ஊறப்போடச் சொன்னேன், போட்டீர்களா?

ஓரமாக நிற்பவன்:
சண்டைக்கு நடுவில் ஒரு சந்தேகம். என்னிடம் உள்ள விளக்கில் சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் இருக்கின்றன. இதுவும் கைகாட்டி விளக்குதானே?

பொன்மலைப் பேரன்:
இல்லை, அது கையில் பிடித்து ஆட்டுகிற விளக்கு. கைகாட்டியில் கலர் கண்ணாடி இருப்பது கம்பத்தில் ஏறி இறங்குகிற கைப்பலகையில்தான். விளக்கு அதன் பின்னால் கம்பத்தோடு நிற்கும், விளக்கின் கண்ணாடி வெள்ளை. பச்சைக்கான கண்ணாடியைப் பகலில் பார்த்தால் நீலமாகத் தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடர் மஞ்சள் அல்லவா, இரண்டும் சேர்ந்தால்தான் ராத்திரியில் டிரைவருக்குப் பச்சை. விளக்கின் முதுகிலும் சின்ன ஓட்டை இருக்கும். விளக்கு எரிகிறதா என்று ஸ்டேஷன் பக்கமிருந்து பார்த்துக்கொள்ள. பித்தன் போட்ட படத்தில் அந்த ஓட்டைக்கு மேலேதான் 'எஸ்.ஆர்.' இருக்கிறது. 1951.

ஓரமாக நிற்பவன்:
அப்படியானால் என்னுடையது எந்த வருஷம்?

பொன்மலைப் பேரன்:
என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள், சொல்கிறேன்.

ரிட்டயர்டு கார்டு:
வருஷம் கிடக்கட்டும். ரயில்வே ஏலத்தில் எடுத்ததற்கான ரசீது யாரிடமாவது இருக்கிறதா? ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள், தெரியுமா?

பழைய இரும்பு:
ஏலத்தில் எடுத்தவரிடம்தான் நாங்கள் வாங்குகிறோம். ரசீது இருக்கிறது.

ரிட்டயர்டு கார்டு:
படம் போடுங்களேன்.

பழைய இரும்பு:
கடையில் இருக்கிறது.

விளக்குப் பித்தன்:
பேச்சை மாற்றாதீர்கள். பூதக்கண்ணாடி வைத்து இன்னொரு படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். நடுவில் நேர்கோடு தெரிகிறது. அதுதான் 'ஐ'. பொன்மலையார் மன்னிப்புக் கேட்பாரா?

பொன்மலைப் பேரன்:
பார்த்தேன். கோடு சாய்ந்திருக்கிறது. அது உங்கள் கம்பி பிரஷ் போட்ட கீறல்.

விளக்குப் பித்தன்:
கீறல் இல்லை, எழுத்து. என் மச்சானும் பார்த்துவிட்டு 'ஐ' என்றுதான் சொன்னார்.

பொன்மலைப் பேரன்:
மச்சான் ரயில்வேயா?

விளக்குப் பித்தன்:
ஏன், ரயில்வேயில் இருந்தால்தான் 'ஐ' தெரியுமா?

பொன்மலைப் பேரன்:
14 ஏப்ரல் 1951.